நாற்பத்தெட்டில் நின்ற அடுப்பு

போடியில் ஏலக்காய் பொறுக்குகிற பெண்களுக்குக் கண் விரல் நுனியில் இருக்கும். முறத்தில் காயைப் பரப்பிவிட்டால் வாய் தன் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும். விரல்கள் வெடித்த காயை ஒரு பக்கம், வெளுத்த காயை ஒரு பக்கம், பச்சை குறையாத திரண்ட காயை ஒரு பக்கம் என்று தள்ளிக்கொண்டே போகும். முனீஸ்வரிக்கு இந்தச் சோலியில் இருபத்திரண்டு வருசம். ஒரு காயைக் கையில் எடுத்தால், அது பக்குவமாகக் காய்ந்ததா, அவசர வெக்கையில் காய்ந்ததா என்று சொல்லிவிடுவாள். சொல்லாமல் என்ன? அவள் புருசன் வீரையா மலைமேல் காய் காயவைக்கிற ஸ்டோரில்தானே அடுப்புப் பார்த்தான்.

குரங்கணியிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் குலுங்கி ஏறி, அதற்குப் பிறகும் கொஞ்சம் நடந்தால் அந்த ஸ்டோர் வரும். தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். வெளிப்பக்கம் அடுப்பு வாய். அதில் கட்டை எரிந்தால் பெரிய தகரக் குழாய்கள் வழியே வெக்கை உள்ளே ஓடும். உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், தட்டு நிறையப் பச்சைக் காய். ஒரு நாள் முழுக்க, மழைக்காலமென்றால் அதற்கு மேலேயும், வெக்கை சீராக நிற்க வேண்டும். ஐம்பது டிகிரியை ரொம்பத் தாண்டினால் காய் வெளுத்து வெடிக்கும். நாற்பதுக்குக் கீழே இறங்கினால் பூசணம் பிடிக்கும். ஆகையால் அங்கேயே ஒரு ஆள் கிடக்க வேண்டும். ஆவணியில் ஏறினால் தை பிறந்த பிறகுதான் வீரையா வீட்டு மனுசன். நடுவில் பதினைந்து நாளைக்கு ஒருதரம் வருவான். ஒரு பொழுது தங்கிவிட்டு, துவைத்த துணியையும் கருவாட்டுப் பொட்டலத்தையும் கட்டிக்கொண்டு ஜீப் ஏறிவிடுவான்.

கையில் போன் இருந்தது. ஆனால் ஸ்டோரில் பேச்சு நிற்காது. ஒரு பர்லாங் தள்ளி, ஓடைக்கு மேலே ஒரு பாறை உண்டு. அதன் உச்சியில் நின்றால்தான் டவர் எடுக்கும். டவர் பாறை என்றே அதற்குப் பெயராகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதில் ஏறி நின்று கூப்பிடுவான்.

“ஏ முனீசு, கேக்குதா?”

“கேக்குது, சொல்லுங்க. சாப்பிட்டீகளா?”

“கேக்குதா?”

“அய்யோ, கேக்குதுங்கிறேன்ல!”

பாதி வாரங்களில் பேச்சு இந்த அளவில் முடிந்துவிடும். மிச்ச ஆறு நாளும் முனீஸ்வரி மலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வீரையாவுக்குச் சர்க்கரை வேறு. போன வருசம் அடுப்படியிலேயே மயங்கி விழுந்து, காய் பறிக்க வந்த பெண்கள் சீனித் தண்ணி கரைத்துக் கொடுத்து எழுப்பினார்கள். அன்றைக்குப் பிடித்த பயம் அவளை விடவில்லை.

மகள் ரோஜா காலேஜில் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருசம் படித்தாள். ஆவணி மாதம் ஒருநாள், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பச்சைத் தகட்டைக் கொண்டுவந்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

“என்னாத்தா இது, ரேடியோவப் பிரிச்சாப்பல?”

“கம்ப்யூட்டரும்மா.”

“போடி. கம்ப்யூட்டருக்கு மூஞ்சி எங்க?”

“மூஞ்சி உன் போன்ல இருக்கு. இதுக்கு மூளை மட்டுந்தான்.”

“வெல?”

“நீ தீவாளிக்கு எடுத்த சேல வெலகூட இல்ல.”

முனீஸ்வரிக்கு நம்பிக்கை வரவில்லை. சேலை விலைக்கு மூளை கிடைக்குமா என்று அவள் கேட்டதற்கு மகள் சிரித்தாள். ஸ்டோருக்கு வெக்கை பார்க்கிற மிசினைக் கம்பெனிக்காரர்கள் லட்சக் கணக்கில் சொல்லுகிறார்கள், முதலாளி காது கொடுப்பதில்லை. இந்தத் தகட்டில் ஒரு கம்பியைச் சொருகி, கம்பியின் நுனியைத் தட்டுகளுக்கு நடுவில் தொங்கவிட்டால், உள்ளே எத்தனை டிகிரி என்று கால் மணிக்கு ஒருதரம் போனுக்கு அனுப்பிவிடும்.

“அங்கதான் பேச்சே நிக்கலயே?”

“பேச்சு கனமும்மா. நம்பர் ரெண்டே எழுத்து. அது எப்படியும் தப்பிச்சு வந்துரும்.”

அதேபோல்தான் நடந்தது. ரோஜாவே ஜீப்பில் ஏறிப்போய் மாட்டிவிட்டு வந்தாள். டவர் பிடிக்கிற பெட்டியை பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் வைத்து மரத்து உச்சியில் கட்டியவன் ஜீப் ஓட்டுகிற கோட்டைச்சாமி. வீரையா கட்டன்சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, தகட்டைச் சுற்றிச் சுற்றி வந்தானாம். தகட்டின் ஓரத்தில் கடுகளவு பச்சை லைட் ஒன்று. நம்பர் வீடு போய்ச் சேர்ந்தால் அது கண்ணைச் சிமிட்டும். சேராவிட்டால் அவிந்து கிடக்கும்.

“ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன்ப்பா,” என்றாளாம் ரோஜா. “இது மலிவுச் சாமான். பொசுக்கு பொசுக்குன்னு கரண்டு போனா உள்ள இருக்கிற மெமரி கார்டு செத்துரும். ஒரு பேட்டரி வச்சாத் தாங்கும். பேட்டரி வெல போர்டு வெலயவிடக் கூட. பரீச்ச முடியட்டும், வாங்கி மாட்டிர்றேன்.”

“இருக்கட்டும் தாயி. மழ வர்ற வரைக்கும் ஓடட்டும்,” என்றானாம் வீரையா.

போனில் முதல் நம்பர் வந்த சாயங்காலம் முனீஸ்வரி அடுப்பில் குழம்பு கொதிக்கிறதையும் மறந்து அதையே பார்த்தாள். நாற்பத்தாறு. கால் மணி கழித்து நாற்பத்தேழு. ஒரு கட்டை போட்டிருக்கிறார். அப்புறம் நாற்பத்தொன்பது. ரெண்டு கட்டை வைத்துவிட்டாரோ? பிறகு நாற்பத்தேழு. எரிகிற கங்குகளை இழுத்து வெளியே தள்ளிவிட்டார். அந்த நம்பரின் ஏற்ற இறக்கத்தில் புருசனின் நடமாட்டம் அவளுக்குத் தெரிந்தது. வெக்கை நிற்கிறதென்றால் கட்டை போட ஆள் நிற்கிறது. அவளுக்கு வேறென்ன வேண்டும்?

முதலாளியும் தன் போனில் அதையே பார்த்துக்கொண்டார். காய் தீய விட்டுவிட்டாயென்று மலையேறி வந்து கத்துவது நின்றது. ராசிங்காபுரத்து மகாராணி தேடி வந்தாள். அவள் புருசன் அருண்பாண்டியும் பக்கத்து எஸ்டேட்டில் அடுப்புப் பார்க்கிறவன். அவனுடைய ஸ்டோரிலும் ரோஜா ஒன்று மாட்டினாள்.

ஒரே ஒரு கஷ்டம்தான். மேகம் கவிந்தால், காற்று பலமாக அடித்தால், நம்பர் வராது. அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு வந்து நிற்கும். கோட்டைக் கண்டால் முனீஸ்வரிக்குக் கையும் காலும் ஓடாது. முறத்தை அப்படியே போட்டுவிட்டுக் கோட்டைச்சாமிக்குப் போன் போடுவாள். மகளைக் காலேஜிலிருந்து வெளியே கூப்பிடுவாள்.

“ஏடி முனீசு, கோடு விழுந்தா தாலியத் தடவுற, நம்பர் வந்தா பூ வைக்கிற. எங்களுக்கெல்லாம் புருசன் இல்லையா?” என்பாள் ஏலக்காய்க் கிடங்கில் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குகிற மொக்கம்மாள். கிடங்கே சிரிக்கும்.

மலைமேல் வீரையாவுக்கு இது தெரியும். பச்சை லைட் அவிந்தால் வீட்டில் கோடு விழுந்துவிட்டதென்று அர்த்தம். உடனே ஒரு கட்டையை அடுப்பில் தள்ளிவிட்டு, போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு டவர் பாறைக்கு ஏறுவான்.

“ஏ முனீசு, உசிரோடதான் இருக்கேன். போய்ச் சோலியப் பாரு.”

இப்படி வாரத்துக்கு இரண்டு மூன்று தரம். ஞாயிற்றுக்கிழமைக்கு என்று காத்துக் கிடந்தவளுக்கு இது போனஸ் மாதிரி.

புரட்டாசி முடியப்போகிற சமயம். பிரஷர் மாத்திரை வாங்கப் போன இடத்தில் டாக்டரம்மா, இவ்வளவு பதற்றம் ஆகாது என்று முனீஸ்வரியைக் கண்டித்து அனுப்பினார். ரோஜா அன்றைக்கே ஒரு காரியம் செய்தாள். நம்பர் வராவிட்டால் கோடு காட்டாதே, கடைசியாக வந்த நம்பரையே காட்டிக்கொண்டிரு என்று போனில் ஓடுகிற புரோகிராமை மாற்றி எழுதிவிட்டாள். மகாராணியின் போனுக்கும் அதுவே, முதலாளியின் போனுக்கும் அதுவே.

“இனி கோடு வராதும்மா. எப்பப் பாத்தாலும் நம்பர் இருக்கும். கால் மணி அர மணி பழசா இருக்கும், அம்புட்டுத்தான்.”

“நல்ல காரியம் பண்ணுன ஆத்தா,” என்றாள் முனீஸ்வரி.

இதை வீரையாவிடம் சொல்ல வேண்டியது முனீஸ்வரி பொறுப்பு. மகள் அப்படித்தான் நினைத்தாள். அந்த வாரமே லைட் அவிந்து, அவன் பாறையேறிக் கூப்பிட்டான்.

“கோடு விழுந்துச்சா புள்ள? பயந்துட்டியா?”

சொல்ல வாயெடுத்தாள். சொன்னால், அப்புறம் எதற்குப் பாறையேறுவான்? வாரத்துக்கு மூன்று பேச்சு ஒன்றாகப் போய்விடும். நாற்பத்தாறு வயசில் அவளுக்கு அந்தக் குரல் மேல் இத்தனை ஆசை இருந்தது என்றால் யாரும் சிரிக்காதீர்கள்.

“ஆமா. பயந்துட்டேன்,” என்றாள்.

“கிறுக்கி,” என்று சிரித்தான் அவன்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. போடியிலிருந்து பார்த்தால் மலை இருந்த இடமே தெரியவில்லை. காய் பறிக்கிற பெண்கள் திங்கட்கிழமையோடு கீழே இறங்கிவிட்டார்கள். அன்று பறித்த காய் மட்டும் தட்டில் இருந்தது. அதைக் காயவைக்க வீரையா ஒற்றை ஆளாக மேலே இருந்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிவாக்கில் மலைப்பக்கம் பெரிய இடி ஒன்று விழுந்தது. கிடங்கில் இருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். முனீஸ்வரி போனை எடுத்துப் பார்த்தாள். நாற்பத்தெட்டு. போனை வைத்துவிட்டு முறத்தை இழுத்துக்கொண்டாள். சாயங்காலம் நாற்பத்தெட்டு. பொழுது விடிந்து பார்த்தாள். நாற்பத்தெட்டு.

புதன்கிழமை கிடங்கில் அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“இத்தன மழையில ஈர வெறக வச்சுக்கிட்டு ஒரு டிகிரி ஏற விடல, எறங்க விடல. பாருங்க, நேத்துல இருந்து நாப்பத்தெட்டு!”

மொக்கம்மாள் எட்டிப் பார்த்தாள். “ஒரே நம்பராவா நிக்கும்? எரியிறது அடுப்பா, இல்ல கரண்டு பல்பா?”

“உனக்குப் பொறாமக்கா.”

“எனக்கென்ன பொறாம. கேட்டேன்.”

விரல் நுனியில் கண் வைத்திருக்கிறவள் முனீஸ்வரி. கட்டை போடப் போட ஏறி, கங்கு இழுக்க இழுக்க இறங்குகிற நம்பரை இரண்டு மாதம் பார்த்தவள். நின்ற நம்பரை அவள் விரல் தொட்டுக்கொண்டே இருந்தது. தெரியவில்லை. மகளுக்கோ மறுநாள் பரீட்சை. அவள் தலை நிமிரவே இல்லை.

பாதையில் மண் சரிந்து கிடந்ததால் இரண்டு நாளாக ஜீப் ஏறவில்லை. வியாழக்கிழமைதான் வழி விட்டார்கள். கோட்டைச்சாமி காலையில் லோடு ஏற்றிப் போனான். சாயங்காலம் வெறும் ஜீப்பாக முனீஸ்வரி வீட்டு வாசலில் வந்து நின்றான். தலையில் கட்டியிருந்த துண்டு கையில் இருந்தது. அதைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

“மதினி,” என்றான். துண்டால் முகத்தைத் துடைத்தான்.

“அவுகளுக்கு மயக்கமா? எங்க வச்சிருக்கீக?”

“பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம் மதினி. போலீசு கூடப் போயிருக்கு.”

“நம்பர் நல்லாத்தானே இருக்கு!” என்று போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “பாருங்க கொழுந்தனாரே, நாப்பத்தெட்டு. அடுப்பு எரியுதுல்ல?”

கோட்டைச்சாமி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். “அடுப்பு பச்சத்தண்ணியா இருந்துச்சு மதினி. தட்டுல காய் பூராம் பூத்துப்போய் நாறுது. ஆளத் தேடுனோம். டவர் பாறைக்கு அடியில ஓடை ஓரமா, காலு ஒடிஞ்சு… கையில போனு. பாச வழுக்கி விட்டுருக்கு. ஏன் மதினி, இந்த மழையில அண்ணன் எதுக்குப் பாறைக்குப் போச்சு?”

ரோஜா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வந்தவர்கள் அழுதார்கள், போனார்கள். முதலாளியும் மாலையோடு வந்து நின்று, “எம்போன்லயும் நாப்பத்தெட்டுதாம்மா காட்டுச்சு. அதான் ஆள் அனுப்பல,” என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார். காரியமெல்லாம் முடிந்தது. வீரையாவின் போன் மட்டும் பிளாஸ்டிக் கவரோடு அலமாரியில் இருந்தது. நனையவில்லை, அத்தனை பத்திரமாகச் சுற்றியிருந்தான்.

கருமாதி முடிந்த மறுநாள் காலை ரோஜா அதற்குச் சார்ஜ் போட்டாள். உயிர் வந்தது. கூப்பிட்ட நம்பர்களைப் பார்த்தாள். எல்லாம் ஒரே பெயர்: முனீசு. செவ்வாய் நாலே கால். நாலு இருபது. ஐந்து மணிக்கு மூன்று தரம். ஏழு மணிக்கு. ஒன்றும் போய்ச் சேரவில்லை. பாறையடியில் டவர் ஏது? கடைசி ஒன்று புதன்கிழமை காலை ஆறு இருபது.

அவள் போனோடு வந்து அம்மாவின் முன்னால் உட்கார்ந்தாள். முனீஸ்வரி வெறும் முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நாந்தான்மா கொன்னுட்டேன்.”

“என்ன பேச்சு இது?”

“செவ்வாக்கெழம இடி விழுந்து கரண்டு போயிருக்கு. கார்டு செத்துருச்சு. அதுக்கப்புறம் ஒரு நம்பர்கூட வரல. நாந்தான பழைய நம்பரையே காட்டச் சொல்லி எழுதுனேன்? கோடு வந்திருந்தா நீ கத்தியிருப்ப. கோட்டைச்சாமிச் சித்தப்பா நடந்தாவது ஏறியிருப்பாரு. அப்பா புதன்கெழம காலையில உசிரோட இருந்திருக்காரும்மா. இந்தா பாரு. ஆறு இருவதுக்கு உன்னக் கூப்பிட்டிருக்காரு.”

முனீஸ்வரி போனை வாங்கினாள். தன் பெயரைக் கீழேயிருந்து மேல்வரை விரலால் தடவினாள்.

“நாசமாப் போற போர்டு,” என்றாள் ரோஜா. “மலிவாக் கெடைக்குதுன்னு ஆடிட்டேன். மகாராணிக்கா வீட்டுக்காரர் ஸ்டோர்ல இருக்கிறதையும் இன்னைக்கே பிடுங்கி ஓடையில எறிஞ்சிர்றேன்.”

“அது ஒண்ணும் பண்ணல ஆத்தா. இரு. ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டு என்ன வேணும்னாலும் சொல்லு.”

முறத்தை ஓரமாக வைத்தாள்.

“அப்பா எதுக்கு மழையில பாற ஏறுனாருன்னு சித்தப்பா கேட்டாருல்ல. லைட்டு அவிஞ்சிருக்கும். வீட்டுல கோடு விழுந்துருக்கும், முனீசு பயந்துருப்பான்னு ஏறியிருப்பாரு. கோடு நின்னுபோச்சுன்னு அந்த மனுசனுக்குத் தெரியாது.”

“நீ சொல்லலையா?”

“சொல்லல.”

“ஏம்மா?”

“சொன்னா கூப்பிட மாட்டாருன்னு சொல்லல. பயந்தியான்னு கேப்பாரு. ஆமாம்பேன். கிறுக்கிம்பாரு.” போனை மகளிடம் நீட்டினாள். “அந்த ஒரு வார்த்தைக்காகச் சொல்லலடி.”

வாசலில் பால்காரன் மணியடித்துவிட்டு, ஆள் வராததைப் பார்த்துப் போய்விட்டான். ரோஜா அம்மாவைத் தொடவில்லை. எழுந்து போய் முகம் கழுவினாள். திரும்பி வந்தபோது பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

“ராசிங்காபுரம் பஸ்சு பத்து மணிக்கு. வர்றியா?” என்று கேட்டாள்.

மகாராணி வீட்டில் சோளம் காய்ந்துகொண்டிருந்தது. துக்க வீட்டுக்காரர்கள் படியேறி வருவதைப் பார்த்து அவள் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ரோஜா அவள் போனை வாங்கி, பழையபடி மாற்றினாள்.

“நம்பர் வரலன்னா இனி கோடு வரும்க்கா. கோடு வந்தா உடனே ஆளப் போய்ப் பாக்கச் சொல்லணும்.”

“எதுக்குத் தாயி? இப்ப நல்லாத்தானே இருக்கு. கோட்டப் பாத்துப் பாத்து நான் நெஞ்சடைச்சுச் சாகவா?”

“அடைக்கட்டும்,” என்றாள் முனீஸ்வரி. “அடைக்கிற நெஞ்சு அடைச்சாத்தான் காலு ஓடும். எனக்கு அடைக்கல மகாராணி. ரெண்டு நாளு நான் பூ வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்.”

மகாராணி போனை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

அவள் புருசனுக்கும் சேதி போகவேண்டும் என்று முனீஸ்வரி பிடிவாதமாக நின்றாள். கோட்டைச்சாமியிடம் சொல்லி அனுப்பினாள்: லைட் அவிந்தால் வீட்டில் கோடு விழும், நீ பாறை ஏறாதே, இருந்த இடத்திலேயே இரு, ஆள் வரும். அருண்பாண்டி ஸ்டோர் போர்டுக்குப் பேட்டரியும் வந்தது. காலில் கிடந்த கொலுசைக் கழற்றி விற்று ரோஜாவே வாங்கிவிட்டாள்.

கடைசியாக முனீஸ்வரியின் போன். அதில் இன்னும் நாற்பத்தெட்டு நின்றுகொண்டிருந்தது. மகள் கையை நீட்டினாள். அவள் கொடுக்கவில்லை, இரண்டு நாள் கழித்துத் தானாகக் கொண்டுவந்து கொடுத்தாள். நம்பர் போய்க் கோடு வந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம், கிடங்கில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மகாராணி கூப்பிட்டாள். மூச்சு இரைத்தது.

“முனீசக்கா, கோடு விழுந்துருச்சு. அர மணி நேரமா கோடுதான்!”

“கோட்டைச்சாமிய அனுப்பு. ஜீப்பு இல்லன்னா நடந்து போகச் சொல்லு. வெரசா!”

முனீஸ்வரிக்கு அதற்குப் பிறகு விரல் ஓடவில்லை. காய் கையில் இருந்தபடியே இருந்தது. மொக்கம்மாள் அவள் முறத்தையும் தன் பக்கம் இழுத்து வைத்துப் பொறுக்கினாள். ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடியும் போன் அடித்தது.

“நல்லா ஓட விட்டீகளே ஆத்தாளும் மகளும்!” மகாராணி கத்தியது கிடங்கு முழுக்கக் கேட்டது. “கொரங்கு மரத்துல ஏறி அந்த டவர் பாட்டில இழுத்துப் போட்டுருக்கு. இவரு உக்காந்து கருவாட்டுக் கொழம்பு ஊத்தித் தின்னுக்கிட்டு இருக்காராம். சோத்துக் கையோட எந்திரிச்சு, என்னாடா எழவு வீடு மாதிரி ஓடியார்றன்னு கோட்டைச்சாமிய வையிறாராம். எனக்குக் கைகாலு இன்னும் நடுங்குது. ஒங்க கோட்டுல மண்ணு விழ!”

“வையி,” என்றாள் முனீஸ்வரி. அவளுக்குக் கண்ணிலிருந்து கொட்டியது. “இன்னும் நல்லா வையி தாயி.”

எதிரில் சத்தம் சட்டென்று நின்றது.

“போன வச்சிராத,” என்றாள் முனீஸ்வரி. “கருவாட்டுக் கொழம்பா? சோறு எம்புட்டுத் தின்னாரு? மறுக்கா வாங்கித் தின்னாரா? கேட்டுச் சொல்லு.”